ஐஸுக்கு ஓடி ஊரை டவுனாக்கிய கதை

எங்கள் ஊர் கிராமமாகவே இருப்பதா, பக்கத்து நகராட்சியோடு சேர்ந்து டவுனாகிவிடுவதா என்று ஓட்டெடுத்த அன்று எனக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஏது ஓட்டு? ஆனாலும் அந்த முடிவுக்கு நான்தான் காரணம் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். கல்யாண வீட்டில் என்னைப் புதிதாக ஒருவருக்கு அறிமுகப்படுத்தினாலும் 'இதுதான் அந்த ஐஸுக்கு ஓடின பொண்ணு' என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் படித்த படிப்பு, பார்க்கிற வேலை எதுவும் அவர்களிடம் எடுபடுவதில்லை.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். நெல் விளைந்த நிலத்தையெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, தனக்கு ஒரு மாடி வீடும் வரிசையாகப் பத்து வாடகை வீடுகளும் கட்டிக்கொண்டார். அந்த மாடி வீட்டின் முதுகோடு ஒட்டியிருந்த பழைய வீட்டில் நாங்கள் இருந்தோம். வீடு பெரியப்பா பேரில். அப்பா பார்த்துக்கொண்ட செங்கல், ஜல்லிக் கடையும் பெரியப்பா பேரில். போதாததற்கு அவர் பஞ்சாயத்துத் துணைத் தலைவர் வேறு.

தெருவுக்கு ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புதியதைப் போட்டுப் போட்டு, எங்கள் வீடு தெருவைவிட இரண்டடி பள்ளத்துக்குப் போய்விட்டது. மழைக்காலம் வந்தால் போச்சு. செப்டிக் டேங்க் நிரம்பி, கக்கூஸ் பீங்கான் வழியாக எல்லாம் எதிர்த்துக்கொண்டு மேலே வரும். அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றிவிடலாம், என் பாடப் புத்தகங்களைப் பரணில் போட்டுவிடலாம். கக்கூஸை எங்கே ஏற்றுவது? அந்த நாட்களில் நாங்கள் மூன்று பேரும் பெரியப்பா வீட்டு மாடிக் கக்கூஸுக்குத்தான் போயாக வேண்டும்.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள். எங்கள் பக்கத்தில் புருஷனின் அண்ணன் எதிரே நின்று பேசுகிற வழக்கம் அப்போது இல்லை. அதனால் நான்தான் தபால். விடிந்ததும் அவர் பேப்பர் படித்து முடிக்கும்வரை அம்மா அவர் வீட்டுப் பின்வாசலில் வாளியோடு ஒதுங்கி நிற்பாள். நான் உள்ளே போய், "பெரியப்பா, அம்மா கேக்கறாங்க, நாங்க வரலாமா?" என்பேன். "வாங்களேன்" என்பார். அவர் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. கேட்காமலே வரலாம் என்றும் சொன்னதில்லை. எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. அம்மா மாடிப்படி ஏறும்போது முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்வாள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நகராட்சியோடு சேர்ந்தால் பாதாளச் சாக்கடை வரும் என்று பிளாட்டில் குடிவந்திருந்தவர்கள் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். அம்மா அந்த நோட்டீஸை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். பெரியப்பாவோ, வீட்டு வரி ஏறும், தண்ணீருக்கு வரி போடுவான், ஒரு செங்கல் நகர்த்தவும் ஆபீஸ் வாசலில் நிற்கணும் என்று வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனார். ஊரின் பழைய குடும்பங்கள் அவர் பேச்சைத்தான் கேட்கும். அப்பாவிடம் அம்மா ஒரே ஒரு தடவை, "உங்க அண்ணங்கிட்ட எடுத்துச் சொல்லுங்களேன்" என்றாள். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கிராம சபைக் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. மே மாசம் முதல் தேதி, பள்ளிக்கூட மைதானத்தில். முந்தின நாள் மத்தியானம் பெரியப்பா வீட்டில் நானும் பந்தியில் இருந்தேன். அவர் தன் திட்டத்தைப் பெருமையாக எடுத்துவிட்டார். முன்னொரு தடவை தண்ணீர் லாரி நிற்கிற இடத்தை மாற்றச் சொல்லி பிளாட்காரர்கள் கேட்டபோது அவர் செய்த அதே வேலைதான்.

"கை தூக்குன்னா எவனும் தூக்கிடுவான். எழுந்து போயி வெயில்ல நில்லுன்னா எவன் போவான்? குந்திகினு கீறவன் அத்தினி பேரும் நம்ம ஓட்டு!"

பெரியம்மா அவர் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "உங்க மூளை யாருக்கு வரும்" என்றாள்.

மறுநாள் பந்தல் என்றால் பந்தல், அப்படியொரு பந்தல். நாலு பெரிய ஃபேன், அண்டாவில் மோர், தரையெல்லாம் ஜமக்காளம். எல்லாம் பெரியப்பா செலவு. ஆண்கள் செருப்பைக் கழற்றிக் குவித்துவிட்டு நடுவில் போய்ச் சம்மணம் போட்டார்கள். பெண்கள் ஜமக்காளத்தின் ஓரமாக, காலை வெளியே மண்ணில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நானும் ஒழுங்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கூட்டம் நடந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம், ஒருவர் எல்லாரையும் பார்க்கச் சொல்லி போட்டோ எடுத்தார்.

மைதானத்தின் அந்தக் கோடியில் தண்ணி டாங்கி. அதன் கீழே ஐஸ் வண்டி. டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டேயிருந்தது, கிராதகன். நான் "ம்மா, ஐஸு" என்று இழுக்க, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவேயில்லை. விரல் பதிந்து சிவந்துபோயிற்று.

வந்திருந்த ஆபீசர் தீர்மானத்தைப் படித்தார். வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். வேண்டாம் என்பவர்களும் தூக்கினார்கள். கூட்டிப் பார்த்தால் வந்த ஆட்களைவிடக் கைகள் அதிகம். இஸ்திரி போடுகிறவர் இரண்டு தரமும் தூக்கியிருந்தார். கேட்டதற்கு, "ரெண்டு பேரும் நமக்கு வேண்டியவங்க சார்" என்றார். மறுபடி எண்ணினார்கள், மறுபடி உதைத்தது. அப்போதுதான் பெரியப்பா மெல்ல எழுந்தார்.

"சார், பேஜாரே வாணாம். டவுனு வேணும்னு சொல்றவங்க அந்த டாங்கி கிட்ட போயி நிக்கட்டும். வாணாம்னு சொல்றவங்க இருந்த எடத்துலயே குந்தட்டும். நீங்க விசில் அடிச்சதுக்கப்புறம் ஒருத்தரும் நகரக் கூடாது. எண்ணிக்குங்க."

ஆபீசர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். பிளாட்காரர்கள் குடையை விரித்துக்கொண்டு முணுமுணுத்தபடி வெயிலில் போய் நின்றார்கள். எங்கள் ஆட்களில் ஒருத்தர்கூட அசையவில்லை. அப்பா பெரியப்பாவுக்குப் பக்கத்தில் மோர் டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் பிடி விட்டது. விட்டது மட்டுமா, என் உள்ளங்கையில் ஒரு அஞ்சு ரூபாய் நாணயத்தை வைத்து விரல்களை மூடினாள். காலையிலிருந்து கெஞ்சியதற்கு ஒருவழியாக இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபேச்சு பேசினால் மனசு மாறிவிடுவாளே! எடுத்தேன் ஓட்டம்.

அம்மாடி, அந்தத் தரை! தோசைக்கல்லில் கால் வைத்த மாதிரி இருந்தது. பாதி மைதானம் போனதும் திரும்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே போனேன். பின்னால் அம்மா கத்துவது கேட்டது. "அடியே, செருப்பில்லாம எங்கடி ஓடறே!" பார்த்தால், என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கும் முன்னால், பெரியப்பாவுக்கும் முன்னால், அம்மா ஓடி வருகிறாள். அம்மா ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்து பால் ஊற்றுகிற அத்தை எழுந்து, "தனியா எப்படிப் புடிப்பா அவ?" என்று பின்னாலேயே வந்தாள். இன்னொருத்தி தன் பிள்ளையும் அங்கேதான் போயிருக்கிறான் என்றாள். அவள் பிள்ளை அன்று ஊரிலேயே இல்லை, கேளம்பாக்கத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தான். அப்புறம் இரண்டு பேர், அப்புறம் நாலு பேர் என்று ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். கடைசியாகப் பெரியம்மா. கையில் தண்ணீர் பாட்டில். "கொழந்தைக்கு நா வறண்டிருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்து அம்மாவை ஒட்டி நின்றாள். ஆபீசர் விசில் அடித்தார்.

பெரியப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்ந்து எழுந்தார். "ஏய், இன்னாமே, எங்க போயி நிக்கிறீங்க? வாங்க இந்தாண்ட!"

"உட்காருங்க சார். யாரும் நகரக் கூடாது. நீங்க சொன்ன ரூல்தான்" என்றார் ஆபீசர்.

ஒன்பது பேர் வித்தியாசத்தில் எங்கள் ஊர் டவுன் ஆனது. ஐஸ்காரர்கூட, "நானும் இந்த ஊருதான் சார்" என்று தன்னையும் சேர்த்து எண்ண வைத்துவிட்டார். அந்தக் களேபரத்தில் எனக்கு ஐஸ் கொடுக்கத்தான் மறந்துபோனார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "தம்பி குடும்பம் அவ்ளோதான். வூட்ட காலி பண்ணுன்னுவார் பாரு." ஒரு ஐஸுக்காக வீட்டையே தொலைத்துவிட்டேனா? கடையும் போய்விடுமா? வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அம்மா பாட்டுக்கு அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவளுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கிறதா என்று எனக்கு அவள்மேல் கோபமாகக்கூட வந்தது.

சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். படி இறங்கி அந்தப் பள்ளத்துக்குள் அவர் வருவதே அபூர்வம். கட்டிலுக்கு அடியிலிருந்து எனக்கு அவர் கால் மட்டும் தெரிந்தது. பிறகு கால் மடங்கியது, தலை தெரிந்தது.

"ஐஸு எப்படிடி இருந்துச்சு?"

நான் அழுதுகொண்டே கையை நீட்டினேன். வியர்வையில் ஊறிப்போன நாணயம் அப்படியே இருந்தது. "வாங்கவேயில்ல, பெரியப்பா."

அவர் என்னையே பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். அப்பாவைப் பார்த்து, ஆனால் அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி, "கொழந்த வெயில்ல ஓடுது, பெத்தவ பின்னாடி ஓடாம இன்னா பண்ணுவா? உடு" என்றார். அப்பா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா என்னிடம் காபி கொடுத்தனுப்பினாள். பெரியப்பா குடித்துவிட்டுப் போனார். அப்பாடா! அன்று நான் தூங்கிய மாதிரி அதற்கப்புறம் தூங்கியதில்லை.

பெரியப்பாவுக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. பெண்டாட்டியே எதிர்ப்பக்கம் நின்றாள் என்பதைவிட, ஒரு பொடிசு ஐஸுக்கு ஓடியதால் தோற்றேன் என்று சொல்லிக்கொள்வது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அடுத்த தேர்தலில் நகராட்சி கவுன்சிலராகவும் ஜெயித்துவிட்டார்.

பாதாளச் சாக்கடை உடனே வந்துவிடவில்லை. தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். எங்கள் வீட்டுக்கு இணைப்பு வந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்தின் முதல் பெருமழை கொட்டிய காலையில் அம்மா கக்கூஸ் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். போயிற்று. இன்னொரு வாளி ஊற்றினாள். அதுவும் போயிற்று. "போயிடுச்சுடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அம்மா அழுதாள், சிரித்தாள். அதன்பிறகு அவள் வாளியோடு அந்தப் பின்வாசலில் நிற்கவில்லை.

ஆனாலும் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்துகொண்டேதான் இருந்தது. நான் புத்தியில்லாமல் ஓடியதால்தானே அம்மா அத்தனை பேர் முன்னால் ஓடி அவமானப்பட வேண்டியிருந்தது? பெரியவளான பிறகும் இதைச் சொல்லி அம்மாவிடம் வருத்தப்பட்டிருக்கிறேன். "ஆமா, உனக்கு எப்பவுமே அவசரம்" என்பாள்.

போன மாசம் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். அவர் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, சட்டம் போட்டு, அந்தக் கூட்டத்தின் போட்டோ. இருபது வருஷத்துக்கு மேலாக அங்கேதான் தொங்குகிறது. நடுவில் விறைப்பாக அவர். ஒரு பக்கம் ஆண்களின் செருப்புக் குவியல். பெண்கள் பக்கம் ஒரு ஜோடி கிடந்தது, சின்ன ஜோடி. மற்றபடி ஒன்றுமில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். ஜமக்காளத்தின் ஓரத்தில் பாலூற்றுகிற அத்தை, அம்மா, பெரியம்மா என்று வரிசையாக அத்தனை பேரும் செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

காபி கொண்டுவந்த பெரியம்மா நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தாள். "அன்னிக்கி நல்ல வெயிலு" என்றாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் மறுபடி போட்டோவைப் பார்த்தேன். அந்த வரிசையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.