ஆறாம் பதிப்பும் தொட்டிக்காரர் கம்பியும்

சேம்பர் அக்காவுக்குக் காலையில் முதல் வேலை வெறும் அறையை அளப்பது. எதுவுமே இல்லாத அறையில் எதுவுமே இல்லை என்று நிரூபித்த பிறகுதான் மற்ற வேலைகள்.

ரேடியோ அலையை வெளியே விடும் எந்தக் கருவியும், அது கதவு திறக்கும் ரிமோட்டாக இருந்தாலும் பொம்மைக் காராக இருந்தாலும், கடைக்குப் போகும் முன் அரசாங்கத் தரநிலைப்படி அளக்கப்பட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். தனக்குக் கொடுத்த அலைவரிசையில் பேசுகிறதா, அடுத்தவன் வரிசையில் போய்ச் சத்தம் போடுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. அதைச் செய்யும் அறைக்குச் சேம்பர் என்று பெயர். சுவரிலும் கூரையிலும் நீல நிறப் பஞ்சுக் கூம்புகள். கை உயரத்தில் இருப்பவற்றுக்கு மட்டும் முனை உடைந்திருக்கும். உள்ளே நின்று பேசினால் வார்த்தை வாயோடு நின்றுவிடும். கதவை இழுத்து மூட இரண்டு கையும் இடுப்பும் வேண்டும். அக்காவின் முழங்கால் தேய்ந்ததில் பாதி இந்தக் கதவால்தான்.

"காலி ரூமுக்கு எதுக்குக்கா இவ்வளவு நேரம்? காலிதானே?" என்று புதிதாக வந்த கணக்குப் பெண் ஒருமுறை கேட்டாள்.

"காலின்னு நீ சொல்ற. மீட்டர் சொல்லணும்."

பல வருடங்களுக்கு ஒருமுறை தரநிலையைத் திருத்திப் புதுப் பதிப்பு போடுவார்கள். அக்காவின் வீட்டில் காலத்தை அந்தப் பதிப்பை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். கல்யாணம் இரண்டாம் பதிப்பில். மூன்றாம் பதிப்பு அமலுக்கு வந்த கையோடு மகள் பிறந்தாள். நான்காம் பதிப்பில் மாமியார் படுக்கையில் விழுந்தார், அந்தப் பதிப்பு முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். ஐந்தாம் பதிப்பில் மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். ஆறாவது வரப்போகிறது என்று செய்தி வந்த அன்று அக்காவின் கணவர் கேட்டார், "இதுல நமக்கு என்னடி நடக்கும்?"

"என் முழங்கால் போகும்."

"அது போய் ரொம்ப நாளாச்சே. புதுசா ஏதாவது சொல்லு."

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யார் வண்டியில் ஏறினாலும் அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும்.

ஆறாம் பதிப்பு வந்தது. கருவி எவ்வளவு சத்தம் போடலாம் என்று காட்டும் எல்லைக் கோடு ஓரிடத்தில் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அதைவிடச் சின்ன மாற்றம் ஒன்று பின்னிணைப்பில் இருந்தது. கருவியிலிருந்து வரும் நீளக் கம்பியை இதுவரை மேசை விளிம்பிலிருந்து நேராகத் தொங்கவிட்டு, மீதியைத் தரையில் விடுவார்கள். இனி நடுவில் முன்னும் பின்னுமாக மடித்து, முழங்கை நீளக் கட்டாகக் கட்டி, தரையைத் தொடாமல் நிறுத்த வேண்டும். கம்பி கிடக்கிற கிடையைப் பொறுத்து அதுவே ஒரு ஆண்டெனாவாகிவிடும், அளவு மாறும். தரநிலை உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. உண்மையை எல்லோரும் ஒரே மாதிரி விசாரிப்போம் என்று செய்துகொண்ட ஒப்பந்தம் அது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு நியாயம் என்றாகிவிடும்.

அந்தப் பின்னிணைப்பைச் சோதனைக் கூடத்தில் முதலில் படித்து முடித்தவள் அக்காதான். மற்றவர்களுக்கு வகுப்பெடுத்ததும் அவள்தான். "கம்பியை மடி" என்று பெரிய எழுத்தில் எழுதிச் சேம்பர் கதவில் ஒட்டினாள். பக்கத்து மேசைக்காரர் மறந்து தொங்கவிட்டபோது, "கதவுல ஒட்டினது அழகுக்கா?" என்று கேட்டாள். அவர் ஒரு வாரம் பேசவில்லை.

மாதக் கடைசியோடு பழைய பதிப்புச் சான்றிதழ்கள் செல்லாது. அதற்குப் பிறகு புதிய சான்றிதழ் இல்லாத கருவியை விற்க முடியாது. கூடத்தில் கருவிகள் நடைபாதை வரை வரிசையில் காத்துக் கிடந்தன. மேலாளருக்குத் தேதி சார் என்று பெயர். எந்தப் பேச்சையும் "இன்னைக்குத் தேதி என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த மாதம் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, தேதியை மட்டும் சொல்லிக்கொண்டு நடமாடினார்.

அந்த நெரிசலில்தான் தொட்டிக்காரர் வந்தார். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கீழே வீட்டுக்குள் மணி அடிக்கும் கருவி ஒன்றை அவர் செய்கிறார். தொட்டிக்குள் இறங்கும் நீளக் கம்பி ஒன்று, அதன் மறுமுனையில் கைக்கு அடக்கமான ரேடியோப் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். வாடகைக்கு எடுத்த இரண்டு அறையில் அவரும் மனைவியும் மனைவியின் தங்கையும் உட்கார்ந்து பற்றவைக்கிறார்கள். நான்காம் பதிப்புக்கு வந்தார், ஐந்தாம் பதிப்புக்கு வந்தார், இப்போது ஆறு. ஒவ்வொரு முறையும் தலையில் முடி குறைந்திருக்கும், பெட்டி மட்டும் அப்படியே இருக்கும்.

"என்ன அண்ணே, பெட்டியில ஒண்ணும் மாத்தலையா?"

"அது நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. உங்க சட்டம்தான் மாறிக்கிட்டே இருக்கு. நான் என்ன பண்ண?"

"கடைக்காரங்க என்ன சொல்றாங்க?"

"ஒண்ணாந்தேதி புதுச் சான்றிதழைக் காட்டு, இல்லன்னா அலமாரியைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டாங்க. வெயில் காலம் வேற. தொட்டி மணி விக்கிறதே இந்த ரெண்டு மூணு மாசம்தான். இதை விட்டா வீட்டுக்காரி என்னையே தொட்டிக்குள்ள இறக்கிடுவா."

அக்கா பெட்டியை மேசைமேல் வைத்தாள். கதவை மூடினாள். மேசை மெல்லச் சுழன்றது, எதிரே அளக்கும் ஆண்டெனா ஏறி இறங்கியது. திரையில் சிவப்பு எல்லைக் கோட்டுக்குக் கீழே பச்சைக் கோடு ஊர்ந்து போனது. ஓரிடத்தில் எழும்பி, சிவப்பைத் தொடாமல் தணிந்தது. தேறிவிட்டது. தொட்டிக்காரர் காத்திருப்பு அறையில் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றே செய்தியைக் கேட்டுக்கொண்டார். மனைவிக்கு ஃபோன் போட்டு, "ஆயிடுச்சு" என்று ஒரே வார்த்தை சொன்னார். அறிக்கையில் அக்கா கையெழுத்துப் போடுவது மட்டும் பாக்கி. மறுநாள் போடலாம் என்று வைத்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய கொடி அறுந்து, கணவர் புதிதாகக் கட்டியிருந்தார். கையைத் தூக்கினால் தனக்கு முதுகு வலிக்கிறது என்று அதைத் தாழ்வாகக் கட்டியிருந்தார்.

"அடியே, துண்டு தரையில புரளுது பாரு. மடிச்சுப் போடுன்னு காலையிலயே சொன்னேனா இல்லையா?"

அக்கா துண்டைப் பார்த்தாள். முழு நீளத்துக்குத் தொங்கி, நுனி தரையில் கிடந்தது. மடித்துப் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் "சரி" என்றும் சொல்லியிருந்தாள். ஆனால் கையிடம் யாரும் சொல்லவில்லை.

கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னடி ஆச்சு?"

"தொட்டிக்காரர் கம்பியை நான் தொங்கத்தான் விட்டேன்."

கணவருக்கு விஷயத்தை விளக்க வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டே மீதித் துணியை அவரே மடித்துப் போட்டார். "ஒருவேளை மடிச்சிருப்ப. நினைப்பில்லாம இருக்கும்."

"இல்லங்க. என் கையை எனக்குத் தெரியாதா?"

"எங்க டிப்போல ஒருதடவை ரூட்டு மாத்தினாங்க," என்றார் அவர். "பள்ளிக்கூட ஸ்டாப்பு கிடையாது, அடுத்த தெருவுலதான் நிக்கணும்னு. எனக்கு நல்லாத் தெரியும். நாலாம் நாள் பழைய இடத்துலயே நிறுத்திட்டேன். ஒருத்தர் இறங்கிட்டார்."

"அப்புறம்?"

"அவர் பாட்டுக்கு இறங்கிப் போயிட்டார். அங்கதான் அவர் வீடு. சந்தோஷமாத்தான் போனார். ஆனா புது ஸ்டாப்புல வெயில்ல நின்ன ரெண்டு பேர், பஸ் எங்க எங்கன்னு பாத்துக்கிட்டு நின்னிருக்காங்க. நான் அங்க போறதுக்குள்ள நடந்தே போயிட்டாங்களாம்."

அக்கா அந்தத் துண்டை எடுத்து மடித்துப் போட்டாள். அவருடைய கதைகளில் பாதி கதை விடுவதுதான் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கதை எந்தப் பாதி என்று தெரியவில்லை.

காலையில் வெறும் அறையை அளக்கும் முன்பே கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு சோதனைக்கும் கருவி இருந்த நிலையைப் படம் எடுத்து அறிக்கையில் சேர்ப்பது வழக்கம். படத்தில் கம்பி மேசை விளிம்பிலிருந்து ஒரே நேராக இறங்கி, தரையில் சுருண்டு கிடந்தது. பார்ப்பதற்கு ஒழுங்காக, அழகாகக்கூட இருந்தது. பல வருடப் பழக்கம் அல்லவா.

தேதி சார் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்குத் தேதி இருபத்தேழு."

"தெரியும் சார்."

"நீங்களா இப்படி?"

"நான்தான்."

"அறிக்கை போகட்டும்மா. தொட்டி மணிதானே. ஆகாய விமானமா விழப்போகுது?"

"கம்பியை மடிச்சதா அறிக்கையில எழுதணும் சார். மடிக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுபடி அளக்க இடம் எங்கம்மா இருக்கு? வரிசை வாசல் வரைக்கும் நிக்குது."

"சாப்பாட்டு நேரத்துல சேம்பர் சும்மாதானே கிடக்கு."

மத்தியானம் எல்லோரும் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அக்கா உள்ளே மண்டியிட்டாள். கம்பியை மடித்தாள், கட்டினாள், தரையிலிருந்து உயரத்தை அளந்தாள். பக்கத்து மேசைக்காரர் வாயில் சோற்றோடு எட்டிப் பார்த்து, "கதவுல ஏதோ ஒட்டியிருக்கு போல" என்றார்.

"நல்லாச் சொல்லுங்க. எனக்கு வேணும்."

பச்சைக் கோடு ஊர்ந்தது. நேற்று எழும்பிய அதே இடத்தில் எழும்பி, சிவப்பைத் தாண்டி, ஒரு நூல் மேலே நின்றது. அக்கா மேசையை மறுபடி சுற்றவிட்டாள். அதே நூல்.

ஃபோனில் சொல்வது மரியாதையில்லை என்று அவரை வரச் சொன்னாள். மனைவியின் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் இனிப்புப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் அக்காவுக்கு உள்ளே போய்ச் சேம்பர் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

"தப்பு என்னோடது அண்ணே. கம்பியைப் பழைய மாதிரி விட்டுட்டேன். புது மாதிரி வச்சா தேறல."

தொட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்கும்தானே?"

"உங்களுக்கும்தான்."

"அப்ப ஏன் தங்கச்சி சொன்னீங்க?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. வழி கேட்பவரைப் போலக் கேட்டார்.

உண்மை, நேர்மை என்றெல்லாம் பெரிய வார்த்தைகள் அக்காவுக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சம் தருபவை. காலையில் வெறும் அறையை அளக்கிறவள் மத்தியானம் மடிக்காத கம்பியை மடித்தேன் என்று எழுத முடியாது, அவ்வளவுதான். அதையும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

எதைச் செய்தால் தேறும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அளக்கிறவர்கள் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால், தன் யோசனைக்குத் தானே மதிப்பெண் போட்ட கதையாகிவிடும். நடந்ததை மட்டும் சொல்லலாம். அவள் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இது கம்பி தொங்கினப்போ. இது மடிச்சப்போ. பெட்டியை நான் தொடவே இல்ல."

தொட்டிக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவியின் தங்கைதான் முதலில் பேசினாள். "அப்ப பெட்டியில ஒண்ணும் இல்ல மாமா. வாலுலதான் கோளாறு."

"வாலை வெட்டிடலாம்ங்கிறியா?"

"வெட்டினா தொட்டிக்கு எட்டாது. கம்பி பெட்டியை விட்டு வெளிய வர்ற இடத்துல ஏதாவது பண்ணணும். அந்தக் கறுப்பு வளையம் ஒண்ணு மாட்டுவாங்களே, கம்ப்யூட்டர் வயருல, சத்தம் வெளிய கசியாம."

இருவரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"சரி. சொல்ல மாட்டாங்க," என்றார் அவர். எழுந்தார். இனிப்புப் பெட்டி பெஞ்சிலேயே இருந்தது. அந்தப் பெண் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள்.

வளையம் தேடி, மாட்டி, பெட்டியின் வாயை அகலப்படுத்துவதற்குள் ஒன்றாம் தேதி தாண்டிவிட்டது. கடைக்காரர்கள் சொன்னபடியே அலமாரியைக் காலி செய்தார்கள். வெயில் காலத்தின் பெரும்பகுதி அப்படிப் போயிற்று. மகள் ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொன்னதால அவங்களுக்கு நஷ்டம், சொல்லாட்டி உனக்குத் தூக்கம் வராது. போதும்மா, விட்டுட்டு வீட்டுல உட்காரு" என்றாள். "ஏழாம் பதிப்பு வரட்டும்" என்றாள் அக்கா. அப்படிச் சொன்னதில் வேடிக்கை எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

வரிசை கரைந்து நடைபாதை காலியான ஒரு நாள் தொட்டிக்காரர் தனியாக வந்தார். பெட்டியிலிருந்து கம்பி புறப்படும் இடத்தில் கறுப்பு வளையம் ஒன்று, கழுத்தில் தாயத்து மாதிரி இருந்தது.

"தங்கச்சி, நீங்க கம்பி வைக்கிறதை இந்தத் தடவை நான் பாக்கலாமா?"

"உள்ள கேமரா இருக்கு. திரையில பாருங்க."

அவர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒருமுறை மடித்தாள். சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள். எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது, மேசை சுழன்றது. பச்சைக் கோடு அந்த இடத்துக்கு வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். கோடு பாதி எழும்பி, எதையோ மறந்ததுபோல் அடங்கிவிட்டது.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

இந்த முறை அவர் யாருக்கும் ஃபோன் போடவில்லை. "கையெழுத்துப் போடுங்க. நான் உட்காந்திருக்கேன்" என்றார்.

அக்கா அறிக்கையைத் தயார் செய்தாள். கடைசியாகப் படத்தைச் சேர்க்கும்போது பார்த்தாள். மடித்த கம்பியின் ஓரத்தில் அவள் விரல் நுனி ஒன்று விழுந்திருந்தது. படத்தில் ஆள் யாரும் இருக்கக் கூடாது. யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை.

"என்ன தங்கச்சி?"

"ஒண்ணுமில்ல அண்ணே. ஒரே நிமிஷம்."

படம் எடுக்கும் கேமராவோடு எழுந்து போய், இரண்டு கையாலும் இடுப்பாலும் கதவைத் திறந்தாள்.