நாவலப்பிட்டியிலிருந்து தெல்தெனியவுக்கு, சீசன் டிக்கெட்டில்

வீடு நாவலப்பிட்டியில், வேலை தெல்தெனியவில் என்று சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. நடுவில் கண்டி நகரம் முழுசாகக் கிடக்கிறது. எனக்கு இடமாற்றம் வந்தபோது தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கு, சனி ஞாயிறு வீட்டுக்கு வா. எனக்கு வந்ததே கோபம். தரம் ஆறு படிக்கிற மகளை வாரத்துக்கு இரண்டு நாள் பார்ப்பதற்கா நான் பெற்றேன்? என் வீட்டில் என் பாயில் தூங்குவேன், எப்படிப் போகிறேன் என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லிய வாய்க்குக் கால்கள்தான் பாடுபட வேண்டியிருந்தது.

தினமும் தூரம் போகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டி வரைக்கும் கோச்சிதான், ரயிலைத்தான் சொல்கிறேன், அதிலும் சீசன் டிக்கெட்தான். பஸ்ஸில் கொடுக்கிற காசோடு ஒப்பிட்டால் அது இலவசம் மாதிரி. ஆனால் மாதக் கடைசி நாளில் போய் சீசன் எடுக்க நிற்காதீர்கள், அந்த வரிசையில் நின்றால் வந்த கோச்சியும் போய்விடும். கண்டியில் இறங்கியதும் தெல்தெனிய பஸ்ஸைத் தேடி மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஓடாதீர்கள். காலையில் அந்த பஸ் பள்ளிக்கூட வாகனங்களுக்குப் பின்னால் வாவியைச் சுற்றி ஊர்ந்து வரும். புத்தரின் புனிதப் பல் இருக்கிற மாளிகைக்கு முன்னால் வாகனம் விடாத வீதியில் நடந்து, வாவியின் அந்தப் பக்கம் போய் நின்றால், அதே பஸ்ஸை அங்கே பிடிக்கலாம். பஸ் கட்டணத்திலும் ஒரு தரிப்புப் பிரிவின் காசு குறையும். சில்லறையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மிச்சக் காசை டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தருகிற கண்டக்டரிடம், இறங்கும் அவசரத்தில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்?

இதையெல்லாம் கண்டுபிடிக்கும்வரை நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் விரல் வைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதற்கு மழையும் தெரியாது, மண்சரிவும் தெரியாது. பிந்திப் போன நாட்கள் சேர்ந்து என் லீவைத் தின்றன. மேலதிகாரி அம்மா நல்லவர். பொறுத்துப் பார்த்தார், பிறகு தெல்தெனியவிலேயே தனக்குத் தெரிந்த வீடொன்றில் அறை காலியாக இருக்கிறது என்றார். அதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

என் கணவருக்கு நாவலப்பிட்டி கடைவீதியில் போன் திருத்தும் கடை. கையில் சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு நாள் முழுக்கக் குனிந்து இருப்பவர், அதிகம் பேசமாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு உன்னோடு வருகிறேன், அறையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். உடம்பு கெட்டுவிடும் என்ற ஒன்றையே அவர் பிடித்துக்கொண்டார். சரி, வாருங்கள், என் பயணத்தைக் கண்ணால் பார்த்தால் உங்கள் வாய் அடைத்துப்போகும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்த நாள் ஆரம்பமே சரியில்லை. நாவலப்பிட்டியில்தான் எங்கள் கோச்சி புறப்படுகிறது. அதனால் எங்களுக்கு எப்போதும் இடம் கிடைக்கும். வழியில் ஏறுகிறவர்களுக்கு நாங்கள் இடம் போட்டு வைப்போம். குடையோ கைக்குட்டையோ இருக்கிற இருக்கையில் சீசன்காரர் யாரும் உட்காரமாட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் உட்காரமாட்டார்கள். நான் வழக்கம்போல எனக்கு எதிரே குடையை வைத்துவிட்டுக் கழுவும் இடத்துக்குப் போய் வந்தேன். திரும்பி வந்தால், என் வீட்டுக்காரர் குடையைப் பத்திரமாக மேலே தட்டில் வைத்துவிட்டு, உலப்பனையில் ஏறிய யாரோ ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அங்கே உட்கார வைத்திருக்கிறார். பெட்டி முழுக்க அவரையே பார்க்கிறது. அவர் எல்லாருக்கும் புன்னகை செய்கிறார்.

கம்பளையில் அந்த இடத்துக்குரியவர் ஏறினார். பேராதனை ஆஸ்பத்திரியில் நர்ஸ், முஸ்லிம் பிள்ளை, நாக்கு மட்டும் சாணை பிடித்தது. இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தார். கணவரை மாப்பிள்ளை என்பது அவர்கள் வழக்கம். “இவங்கதான் உங்கட மாப்பிள்ளையா? நல்ல மனுசன்தான், ஆனா கோச்சிக்கு ஆகாது” என்றார். பெட்டி குலுங்கிச் சிரித்தது. நான் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். என் கணவர் எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, பேராதனை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அந்தப் பிள்ளையும் வழக்கம்போல ஆஸ்பத்திரிக் கதை, அலுவலகக் கதை, மரக்கறி விலை, அவருடைய மாமியார் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் இறங்கிப் போன பிறகு சரசவி உயனவில் ஏறுகிற பெரேரா மாத்தயாக்கள் என்ற இரண்டு ஐயாமாரோடு சிங்களத்தில் அரசியல்.

கண்டியில் இறங்கியதும் கணவர் த்ரீவீல் ஆட்டோ பிடிக்கப் பார்த்தார். விடுவேனா? இழுத்துக்கொண்டு நடந்தேன். வாவியின் அந்தப் பக்கம் நாங்கள் போய் நிற்கவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. நெரிசலில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் என்னைக் கண்டதும், மிஸ்ஸுக்கு வழி விடுங்க என்று சத்தம் போட்டார். திகனயில் பாதிப் பேர் இறங்க, ஜன்னலோரம் கிடைத்தது. விக்டோரியா நீர்த்தேக்கம் வெயிலில் பளபளத்தது. பார்த்தீர்களா, எவ்வளவு காசு மிச்சம், எவ்வளவு நேரம் மிச்சம் என்று நான் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் உம் கொட்டினார். மெஷினில் விரல் வைத்தபோது நேரமும் மிச்சம் இருந்தது. அவரைப் பார்த்து வெற்றியோடு தலையாட்டினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறையைப் பார்க்கப் போனோம். குறை சொல்ல இடமில்லாத அறை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வெளிச்சமான ஜன்னல், தனிக் குழாய், காற்று. வீட்டுக்கார அம்மா தேநீர் கொடுத்து, அலுமாரியைக்கூடத் திறந்து காட்டினார். கணவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார், வாடகையை விசாரித்தார். அவருடைய கை சட்டைப் பைக்குப் போனது. நான் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போவது கண்ணில் வந்து நின்றது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று அவர் எழுந்துவிட்டார்.

வீதிக்கு வந்ததும், ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். பஸ் தரிப்பிடத்துக்கு அருகே வந்துதான் நின்றார்.

“நீ தெனமும் வந்ததும் காலு வலிக்குது, சனம் நெரிக்குது, உசுரு போகுதுன்னு சொல்லுவ. நான் அத நம்பிக்கிட்டு இருந்தேன்” என்றார். “இன்னைக்குக் காலையில இருந்து பாத்துக்கிட்டே வாறேன். நீ சந்தோசமாத்தான் போற. வீட்டுல நீ இப்புடி சிரிச்சு நான் பாத்து எவ்வளவு காலமாச்சு.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. கோச்சியில் போகிற எல்லாரும் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு பாட்டம் புலம்புவார்கள், அது செருப்பைக் கழற்றி வைப்பது போல ஒரு பழக்கம்தான். நான் புலம்பிவிட்டு மறந்துவிடுவேன். அவர் அந்தப் புலம்பலை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார், எனக்காக அறை பார்த்திருக்கிறார். நாள் முழுக்க நான் யார் யாரோடோ பேசித் தீர்த்துவிட்டு, மிஞ்சின வலியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. நடுரோட்டில் அழுவதாவது என்று அடக்கிக்கொண்டேன்.

நான் வேலை முடித்து வரும்வரை அவர் தெல்தெனியவிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். மாலைக் கோச்சியில் சீசன் கூட்டம் வழக்கம்போல கையசைத்துக் கூப்பிட்டது. இன்றைக்கு இல்லை என்று சைகை காட்டிவிட்டு, கடைசிப் பெட்டியில் அவரோடு போய் உட்கார்ந்தேன். பேராதனை வரை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பிறகு மேலதிகாரி அம்மாவின் புதுக் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். நர்ஸ் பிள்ளையின் மாமியார் கதையைச் சொன்னேன். அவர் தன் பங்குக்கு, கடைக்குப் போனை அடகு வைக்க வந்த ஓர் ஆளைப் பற்றிச் சொன்னார், அது நடந்து பல மாதமாம், எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. கம்பளை எப்போது போனது, உலப்பனை எப்போது போனது என்று தெரியாது. கோச்சியின் கார்ட் வந்து ஜன்னலைத் தட்டி, நாவலப்பிட்டி வந்து எவ்வளவு நேரமாயிற்று, இறங்கமாட்டீர்களா என்று கேட்டபோதுதான், பெட்டியில் எங்கள் இருவரைத் தவிர யாருமே இல்லை என்று பார்த்தோம்.