கடல் தண்ணீரில் அலசிய படம்

பிள்ளைகளா, உங்கள் அக்கா மலர் காப்பித்தூளும் சலவைச் சோடாவும் கலந்து வீட்டிலேயே பிலிம் கழுவுகிறாள். படம் மங்காமல் நிலைக்கக் கடைசியில் ஊற்றும் ஹைப்போ மருந்தின் புளித்த வாடை என்னை நான் பிறந்த கடலோர ஊரான மீமிசலுக்கே இழுத்துப் போய்விட்டது.

அங்கே எங்கள் அப்பாவும் ஜன்னலைச் சாக்கால் மூடிப் படம் கழுவுவார். ஒருமுறை மீன்பிடிக்கப் போன பக்கத்து வீட்டுச் சேது சித்தப்பாவை இலங்கைக் கடற்படையினர் கடலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவரை மீட்க எழுதிய மனுவில் ஒட்டப் படம் வேண்டும். அவருடைய ஒரே படம் அப்பாவிடம் கழுவாத பிலிமில் இருந்தது. மருந்து போக அலசக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். வீட்டில் இருந்ததோ குடிக்க ஒரு குடம்தான்.

"கடல் தண்ணியில அலசுறேன்" என்றார் அப்பா.

"உப்பு மூஞ்சிய அரிச்சிராதாங்க?" என்றாள் அம்மா.

"வருசம் பூரா கடல்ல கெடக்குற மூஞ்சிடி அது!"

புருசனை நினைத்து அழுதுகொண்டிருந்த சித்திகூடச் சிரித்துவிட்டார்.

அப்பா வாளி வாளியாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து அலசினார். உப்புப் போக அம்மா ஒரே ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றினாள். மனு போனது, சித்தப்பாவும் வீடு வந்தார்.

இன்று மலர் பிலிம் அலசக் குடிதண்ணீர்க் கேனைத் திறந்தாள்.

"போர் தண்ணியிலயே அலசு ஆத்தா. கடைசிக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணி போதும்" என்றேன்.

"உப்பா இருக்கே, படம் கெட்டுப் போயிராதாப்பா?"

"ஊருக்குப் போறப்ப சேது தாத்தா வீட்டுச் சுவத்துல அந்தப் படத்தப் பாரு. இன்னும் பளிச்சுன்னுதான் சிரிக்கிறாரு."