ஒற்றை முட்டியும் இரண்டு காப்புக் கயிறும்

ஏழு வருஷமாக எனக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் நான் பார்த்த திரி செருகும் வேலை அதனால்தான் போனது. என் இடத்தில் உட்கார்ந்தவள் என் கொழுந்தன் மனைவி செல்வி. அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். எங்கள் ஊர் அம்மன் ஆத்தாளைப் பற்றிப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது.

போன வருஷம் ஆத்தா கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுத் தீச்சட்டி எடுக்கக் கையில் காப்புக் கட்டினேன். கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. எனக்கு முடியாமல் போனால் எடுக்கட்டும் என்று மாமியார் செல்விக்கும் கட்டச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் வலது முட்டி வீங்கியது. தொட்டால் அனல். குளிர் நடுக்கம் வேறு. பழைய வாதம்தான் என்று சாதித்தேன். ஆஸ்பத்திரி சிவகாசியில் இருக்கிறது. நான் எல்லை தாண்டினால் சட்டி அவளுக்குப் போய்விடுமே. "ஆத்தா, காலு போனாலும் போகட்டும், சட்டி அவ கைக்குப் போகக் கூடாது" என்று அழுது வேண்டினேன்.

மறுநாள் கூழ் கொண்டுவந்த செல்வி முட்டியைப் பார்த்துவிட்டாள்.

"யக்கா, வாதம்னா ஒங்களுக்கு ரெண்டு பக்கமும்தான வீங்கும்? இது ஒத்த முட்டில்ல கொதிக்கு. வாங்க, ஆசுபத்திரிக்குப் போவோம்."

"சட்டி தூக்க அம்புட்டு ஆசையாக்கும் ஒனக்கு?" என்றேன்.

அவள் தன் காப்பை அவிழ்த்து ஆத்தா படத்தடியில் வைத்தாள். நடுவில் காப்பை அவிழ்ப்பது எங்கள் ஊரில் சின்னக் காரியமில்லை.

"எனக்கும் வேணாம். இப்பவாச்சும் வருவீகளா?"

சிவகாசியில் டாக்டர் முட்டியில் ஊசி போட்டு உறிஞ்ச, சீழ் வந்தது. "வாதம் இருக்கிற மூட்டுல கிருமி சுலபமாத் தங்கிடும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார். அன்றே ஆபரேஷன் செய்து முட்டியைக் கழுவினார்கள்.

சட்டி எடுக்கிற நாளில் நான் கட்டிலில் கிடந்தேன். வேண்டியது அப்படியே பலித்திருந்தது. சட்டி செல்வி கைக்குப் போகவில்லை. அந்தக் கையில் என் பெட்பேன் இருந்தது. போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதேன்.

இந்த வருஷம் செல்விதான் சட்டி எடுத்தாள். நான் வேப்பிலையோடு பின்னால் விந்தி விந்தி நடந்தேன். அவள் நடந்த அழகைப் பார்த்து லேசாக எரிந்தது, பொய் சொல்லவில்லை. உடனே செல்வி பேரைச் சொல்லி ஆத்தாளைக் கும்பிட்டேன்.

வாதக்காரர்களே, ஒரே ஒரு மூட்டு கொதித்தால் வீட்டில் கிடக்காதீர்கள். ஆத்தாளை நம்பி உங்கள் பொறாமையையும் சேர்த்தே அவளிடம் சொல்லுங்கள், கோபிக்க மாட்டாள். யார் கையில் உதவி அனுப்புவது என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.