அண்டாவோடு வந்த பரிசல்

என் மாமனார் ஒரு விதி வைத்திருந்தார். ஒரே வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் ஒரே பரிசலில் ஏறக் கூடாது. ஒன்று கவிழ்ந்தாலும் இன்னொன்றில் குடும்பம் மிஞ்சுமாம். எழுபதுகளின் தொடக்கத்தில், கடலைக்காய் பிடுங்கி முடிந்த ஒரு ஐப்பசியில், பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து எல்லாரும் ஒகேனக்கல் போனோம். அன்றும் ஆற்றங்கரையில் நிற்கவைத்து, சந்தைக்கு வந்த ஆடுகளைப் போல எங்களை இரண்டாகப் பிரித்தார்.

அப்பாவும் மூத்த மகனும் ஒன்றாக ஏறக் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் கூடவே கூடாது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். அந்தப் பெரிய குடும்பத்தில் பகலில் கணவரோடு நாலு வார்த்தை பேச வழியில்லை. ஆற்றுக்குப் போகிறோம் என்றதும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கலாம் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன். கிடைத்தது என்னவோ மாமியாரும் பித்தளை அண்டாவும் இருந்த பரிசல். கணவர் ஏறிய பரிசல் முன்னால் சுற்றிச் சுற்றிப் போனது. அவர் என் பக்கம் பார்த்தாரா என்று தெரியவில்லை. அந்தச் சுற்றலில் யார் எங்கே பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது என்று இன்றுவரை அவருக்காக நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஆற்று நடுவில் இருந்த மணல் திட்டில் சோறும் மீன் குழம்பும் ஆக்கினோம். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்டார்கள். பிறகு குழந்தைகள், பிறகு பெண்கள், கடைசியில் நான். அண்டாவை மணல் போட்டுத் தேய்த்து, ஒரு பாறைக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டு, அங்கேயே குளிக்க இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. அன்று முழுவதும் எனக்கென்று கிடைத்த சுகம் அது ஒன்றுதான்.

புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் திட்டில் ஒருவரும் இல்லை. அடுப்புக் கற்களில் இன்னும் புகை வந்தது. மேகம் கறுத்ததைப் பார்த்து அவசரமாகக் கிளம்பியிருக்கிறார்கள். இரண்டு பரிசல்களும் பாதி ஆற்றைத் தாண்டியிருந்தன. ஏறும் அவசரத்தில் ஆட்கள் இடம் மாறியிருக்க வேண்டும். இதில் இருந்தவர்கள் நான் அதில் இருப்பதாக நினைத்தார்கள். அதில் இருந்தவர்கள் இதில்.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். யாரைக் கூப்பிடுவது? கணவர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. மாமனாரைக் கூவி அழைக்கும் துணிச்சல் இல்லை. "ஏங்க, ஏங்க" என்று இரண்டு முறை கத்தினேன். அருவிச் சத்தத்தில் அது என் காதுக்கே கேட்கவில்லை.

அக்கரையில் இறங்கினார்கள். எல்லா வேட்டிகளும் வெள்ளை, எது அவருடையது என்று தெரியவில்லை. ஆற்றைப் பார்த்து எனக்குப் பயமில்லை. எப்படியும் யாராவது வருவார்கள். அங்கே ஒருவராவது, அவர் மட்டுமாவது, 'அவள் எங்கே' என்று கேட்பாரா என்பதுதான் என் பயம். வந்த பத்துப் பதினோரு மாதத்தில் அந்த வீட்டில் நான் யார் என்பது இப்போது தெரிந்துவிடும்.

ஒரு பரிசல் திரும்பி வந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேட்டிருக்கிறார். அழுகை வந்தது, அவசரமாகத் துடைத்துக்கொண்டேன்.

பரிசல்காரர் என்னைப் பார்த்ததும் துடுப்பை நிறுத்திவிட்டார்.

"அண்டாவ மறந்துட்டாங்களாம், எடுத்தாரச் சொன்னாங்க. நீங்க எப்படிங்க இங்க?"

பாறைக்குப் பின்னால் போய்க் கவிழ்த்த அண்டாவை நிமிர்த்தினேன்.

"அண்டாவுக்குக் காவலுங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அண்டாவை ஏற்றினார், நானும் ஏறினேன். ஆள் குறைந்த பரிசல் லேசாக ஆடிக்கொண்டு போனது. பாதி ஆற்றில் மெல்லக் கேட்டார்: "உங்கள வுட்டுட்டு வந்துட்டாங்கன்னு நான் சொல்லட்டுங்களா?"

"வேணாங்க."

சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு என் கணவரும் சிரிப்பார். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

கரையில் மாமியார் முதலில் அண்டாவை வாங்கிக்கொண்டார். நசுங்கியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அண்டா எடுத்தாரப் போனயா? போறவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு, "சீக்கிரம் வா, பஸ்ஸு போயிரும்," என்றார். நாள் முழுவதும் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் பல ஐப்பசிகளில் ஒகேனக்கல் போனோம். மாமனார் ஆட்களைப் பிரிக்கத் தொடங்கும் முன்பே நான் போய் அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். பொறுப்பான மருமகள் என்று எனக்குப் பேர் வந்தது.