காலி நாற்காலியின் அளவு

நான் வரைந்த படங்களிலேயே மிக அழகானது, சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளும் ஒரு குட்டி எஞ்சினின் படம். டிரேசிங் துணியில், இந்தியன் இங்க்கில், ஊசிமுனைபோன்ற அம்புக்குறிகளோடு வரைந்தேன். மூலையில் என் பெயரை, எஞ்சினைவிடச் சற்றுப் பெரிதாகவே எழுதியதாக ஞாபகம். படத்தில் குறை ஒன்றே ஒன்றுதான். அந்த நாற்காலியில் உட்கார வேண்டிய மனிதர் அதில் உட்கார்ந்திருந்தபோது நான் அதை அளக்கவே இல்லை.

ஐம்பதுகளின் தொடக்கம். தண்டையார்பேட்டையில் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் எனக்கு வேலை. அவர் எங்கள் டைம்கீப்பர், வாசல் ஜன்னலில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்கள் என்று குறிப்பவர். முன்பு துறைமுகத்தில், கப்பல் சரக்கைக் கயிறு கட்டி இறக்கும் வேலையில் இருந்தவர். ஒருநாள் சரக்குக்குப் பதிலாகத் தானே இறங்கிவிட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். அன்றோடு கால்கள் வேலையை விட்டுவிட்டன. கைகள் மட்டும் இரண்டு ஆள் பலத்தோடு மிச்சமிருந்தன.

அவர் வீடு கடற்கரைப் பக்கம். தொழிற்சாலை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ரயில்வே கேட்டின் மேடு. சமதரையில் கையாலேயே சக்கரத்தை உருட்டி வந்துவிடுவார். மேட்டில் தள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் அவர் மனைவி. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து, பிறகு இவரைத் தள்ளிக்கொண்டு வருவார். படகுகள் தாமதித்தால் மீன் தாமதம், மீன் தாமதித்தால் டைம்கீப்பர் தாமதம். இந்தச் சங்கிலித் தொடர் புதிதாக வந்த மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து முதல் சங்கு ஊதுவதற்குள் டைம்கீப்பர் ஜன்னலில் இருக்க வேண்டும், ஒருநாள் தவறினாலும் அந்த ஜன்னலில் வேறு முகம் இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

நான் தலையிட்டேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அப்போது நான் நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிறவனுக்கு அழைப்பு தேவைப்படுவதில்லை. லைப்ரரியிலிருந்து மூன்று புத்தகங்கள் எடுத்து வந்தேன். மூன்றிலும் எஞ்சின் இருந்தது, மனிதர்தான் இல்லை. டோல்கேட் பக்கம் பழைய இரும்புக் கடையில், சைக்கிளில் மாட்டி ஓட்டும் குட்டி எஞ்சின் ஒன்று கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டைம்கீப்பர் நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்து சீட்டாடுவார். அந்த நேரம் பார்த்து, திருடனைப்போலப் போய் நாற்காலியை அளந்தேன். அவர் எதிரில் அளந்தால் மனம் நோகுமே என்ற நாகரிகம். பின்னால் கணக்கிட்டதில் என் நாகரிகத்தின் அளவு முக்கால் அங்குலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் ஃபிட்டரும் எஞ்சினுக்கு நாற்காலியில் மாட்டும் பிடிகள் வைத்து முடித்த அந்தச் சாதனத்தை ரிக்‌ஷாவில் ஏற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். காலி நாற்காலியில் மாட்டினால் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தியது. தெருவே பார்த்தது, நான் அடக்கமாக நிற்க முயன்றேன். பிறகு அவர் கட்டிலிலிருந்து கைகளை ஊன்றி எழும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். பிரம்பு தொய்ந்தது, பக்கக் குழாய்கள் முக்கால் அங்குலம் அகன்றன. ஒரு பிடி 'டக்'கென்று கழன்று விழுந்தது. இன்னொன்று, சுத்தியலால் தட்டினாலும் வருவேனா என்று இறுகிக்கொண்டது.

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இன்னா தம்பி, சட்டை தெக்கிறவன்கூட ஆள நிக்க வெச்சித்தான் அளவு எடுக்கறான். நீ கொடில தொங்கற சட்டைய அளந்துகினு வந்துகீறியே."

தெரு சிரித்தது. டைம்கீப்பர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். வேறு வழியில்லாமல் என் நாகரிகத்தைப் பற்றிச் சொன்னேன். "எனக்குக் காலு வராதுன்னு எனக்கு ஏற்கெனவே தெரியும் சார்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காததைச் சொன்னார்.

"தெரு பூரா என் கையே பாத்துக்கும். அந்த மேட்ல மட்டும் யாராச்சும் முதுகுல கை வெச்சா போதும். எனக்கு அந்தக் கைதான் வோணும். முழு ஆளு வாணாம்."

நான் வரைந்திருந்தது முழு ஆள். கைக்கு வேலையே வைக்காமல் அவரைச் சாமான்போலச் சுமந்து போகும் ஆள்.

ஒன்றாம் தேதிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. இந்த முறை அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் தரையில் மண்டியிட்டு அளந்தேன். தள்ளும் இடம் தாழ்வாக இருக்க வேண்டும், உயரத்தில் தள்ளினால் மேட்டில் நாற்காலி மல்லாந்துவிடும் என்றார். சரக்குக்குக் கயிறு எங்கே போட வேண்டும் என்று தெரிந்தவர் பேச்சு அது. பிடிகளில் ஒற்றைத் துளைக்குப் பதில், திருகு நகரும் நீண்ட துளையாகக் காடி வெட்டினோம், எந்த அகலத்துக்கும் நகரும்படி. பக்கத்தில் ஒரு லீவர். அழுத்தினால் எஞ்சினின் ஒற்றைச் சக்கரம் தரையில் இறங்கித் தள்ளும். தூக்கினால் சும்மா பின்னால் தொங்கிக்கொண்டு வரும்.

காடி வைத்ததும் அது ஊர்ச்சொத்தாகிவிட்டது. சர்ச்சுக்கு நாற்காலியில் போகும் ஓர் ஓய்வுபெற்ற டீச்சர், தன் நாற்காலியிலும் மாட்டிப் பார்த்துவிட்டு, பூசைக்கு இவ்வளவு சீக்கிரம் போவது தனக்குப் பழக்கமில்லை என்றார். ஐஸ் வண்டிக்காரர் தன் வண்டியில் மாட்டி, லீவரைத் தூக்க மறந்து கடல்வரை போய்த்தான் நின்றார். அந்த இரண்டு ஞாயிறுகளில் அந்தத் தெரு சிரித்ததுபோல ஒரு தெரு சிரித்து நான் கேட்டதில்லை.

ஒன்றாம் தேதி வந்தது. படகுகள் தாமதம், மனைவி இன்னும் காசிமேட்டில். டைம்கீப்பர் தனியாகக் கிளம்பினார். பயத்தில் நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டில் கூட்ஸ் வண்டி. நான் அதன் பெட்டிகளை எண்ணுவதைப் பார்த்து, எண்ணினால் வண்டி நீளும் என்று எச்சரித்தார். கேட் திறந்தபோது சங்குக்கு ஐந்தே நிமிடம். மேட்டின் அடிவரை கையால் உருட்டி வந்து லீவரை அழுத்தினார். எஞ்சின் இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. பாதி மேட்டில் அது மூச்சு வாங்கியபோது அவர் கைகள் சக்கரத்தை ஓர் இழுப்பு இழுத்தன. கையும் எஞ்சினும் சேர்ந்து உச்சிக்கு வந்தன. லீவரைத் தூக்கினார். நாற்காலி இறக்கத்தில் பறந்தது. சைக்கிள்காரர்கள் மணியடித்தபடி வழிவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய இயந்திரங்களுக்குப் படம் வரைந்துவிட்டேன். ஒன்றின் பின்னாலும் அப்படிக் கூவிக்கொண்டு ஓடியதில்லை.

பெட்ரோல் எஞ்சினை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது தொழிற்சாலை விதி. அவர் வாசலிலேயே பிடிகளின் முதல் திருகைத் தளர்த்திவிட்டு முன்னால் நகர்ந்ததும், மற்றவை நழுவி, பின்னால் குந்தியிருந்த என் மடியில் எஞ்சின் முழுதாக இறங்கியது. அவர் ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தார், சங்கு ஊதியது. மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எஞ்சினில் தொங்கிக்கொண்டிருந்த திருகுகளையும் பிடிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சேர்த்து, எஞ்சினை டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்து, கரி பூசிய முகத்தோடு ஜன்னலுக்கு வந்தேன். ஒரு கைகுலுக்கலையாவது எதிர்பார்த்தேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் பெயருக்கு எதிரே தாமதம் என்று குறித்தார்.

"ஏர்றதுக்கு ஷோக்கா கீது சார்" என்றார். "கழட்டி வெக்கத்தான் ஏழு நிமிசம் ஆவுது. அத்தக் கொஞ்சம் பாருங்க."