கேட்காதவனுக்குக் கிடைக்கும் கடை

காசிமேடு தாண்டிய பிறகுதான் பையைத் தோள் மாற்றினேன். அதுவரை கனம் தெரியவில்லை. உள்ளே லுங்கி, சட்டைகள், அட்டை கிழிந்த சில தடித்த நாவல்கள். வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்த்த மளிகை மொத்தக் கடையிலிருந்து மதியம் வேலையை விட்டு இறங்கியவன், பஸ் ஏறத் தோன்றாமல் கடலோரச் சாலையில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் துறைமுகத்துக்குள் போக வேண்டிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டிரைவர்கள் வண்டிக்கடியில் நிழல் பார்த்துப் படுத்திருந்தார்கள். நான் மட்டும்தான் நகர்கிறேன் என்பதில் ஓர் அற்பத் திருப்தி இருந்தது.

விஷயம் இதுதான். முதலாளி எர்ணாவூரில் புதிதாக ஒரு கடை திறக்கிறார். அதை எனக்குத் தருவார் என்று நான் நினைத்திருந்தேன். அன்று காலை சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, எனக்கு வெகு காலம் பின்னால் வேலைக்கு வந்த ஒருவனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

முதலாளி தெற்கத்திக்காரர். நாங்கள் அண்ணாச்சி என்போம். அவர்கள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பையனாகச் சேர்ந்து மூட்டை இறக்கி, பொட்டலம் கட்டி, கல்லாவரை வந்தவனுக்கு முதலாளியே ஒருநாள் தனியாகக் கடை வைத்துக் கொடுப்பார். அண்ணாச்சிக்கும் அப்படி ஒருவர் வைத்துக் கொடுத்ததுதான் இந்தக் கடை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். அது யாருக்கு என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐஸ் உடைத்திருக்கிறேன், மீன் கூடை தூக்கியிருக்கிறேன், பெங்களூருக்கும் விஜயவாடாவுக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கிறேன். எங்கும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. இந்தக் கடையில் எட்டு வருஷம் இருந்தேன் என்றால் அதற்குக் காரணம் சம்பளம் அல்ல, புத்தகங்கள்.

பருப்பும் மிளகாயும் பொட்டலம் கட்ட எடைக்குப் பழைய காகிதம் வாங்குவார்கள். அந்தக் கட்டுகளுக்குள் நாவல்களும் வரும். மொழிபெயர்ப்புகள், நம் ஆட்கள் எழுதியவை, நூலக முத்திரை குத்தியவை. கிழிக்கச் சொல்லி என்னிடம் கொடுப்பார்கள். நான் படித்துவிட்டுக் கிழிப்பேன். சிலதைக் கிழிக்காமல் ஒளித்துவைப்பேன்.

அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கதை. நாதியற்ற ஒருவன் பட்டணத்துக்கு வந்து ஒரு வியாபாரியிடம் சேர்கிறான். அதே இடத்தில் ஓர் ஆசைக்காரனும் இருப்பான். அவன் கூடுதல் சம்பளம் கேட்பான், பங்கு கேட்பான், முதலாளியின் மகளைக் கேட்பான். கடைசியில் அவன் நாசமாய்ப் போவான். ஒன்றுமே கேட்காத நல்லவனை முதலாளி பக்கத்தில் அழைத்து எல்லாவற்றையும் ஒப்படைப்பார். வெள்ளைக்காரன் கதையிலும் அப்படி, நம் கதையிலும் அப்படி. கதைதான் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் இத்தனை தேசத்தில் இத்தனை பேர் உட்கார்ந்து இதையே எழுதினால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். அதனால் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்தேன்.

அண்ணாச்சிகளைப் போலத் தெற்கத்திப் பேச்சு பேசக்கூடப் பழகினேன். என் ‘இன்னா’வையும் ‘கீது’வையும் கேட்டுக் கடைப் பையன்கள் சிரிப்பார்கள். இரண்டாவது வருஷத்திலேயே அவற்றைக் கடைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போக ஆரம்பித்தேன்.

சாவி கைமாறிய பிறகு நான் மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

“என்னலே, எறக்காம நிக்க?” என்றார் அண்ணாச்சி.

“கடை அவனுக்கா அண்ணாச்சி?”

“ஆமா. வந்த நாள்லேருந்து கேட்டுட்டே கெடந்தாம்லா. தீவாளிக்குத் தீவாளி கேப்பான்.”

“நான் கேட்டிருந்தா?”

அவர் தராசைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “நீ நல்ல பய. ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டேன். ஆனா அவன் நம்ம ஊர்ப் பையம்லா. அவங்க அம்மாட்ட வாக்குக் கொடுத்துல்லா கூட்டியாந்தேன். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஊர்ல போயிப் பிடிக்கலாம். ஒன்ன எங்க போயிப் பிடிக்க?”

“நான் இந்தா பின்னாடித் தெருவுல பொறந்தவம்லா அண்ணாச்சி.”

“அதாம்லே. இது ஒன் ஊருல்லா” என்றார்.

அவர்மேல் முழுதாகக் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் எனக்கு ஒருநாளும் எதையும் சொல்லி ஏமாற்றியதில்லை. சொன்னதெல்லாம் புத்தகங்கள்தான். திருவொற்றியூர் நெருங்கும்வரை அவற்றை எழுதியவர்களைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அவர்களில் யாராவது பதிப்பாளரிடம் கேட்காமல் பணம் வாங்கியிருப்பார்களா? வெளியே கடலில் உள்ளே வர முறைக்குக் காத்துக் கப்பல்கள் நின்றன. பழைய காப்பியங்களில் கப்பலேறிப் போய்ப் பொன்னோடு திரும்புகிறவன் எப்போதும் வணிகன் மகன். கப்பல் முதலிலேயே அவன் அப்பனுடையது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைக் கேட்டபோது இது என் கண்ணில் படவில்லை. வாத்தியாரும் சொல்லவில்லை.

ஒரு ஷேர் ஆட்டோ என்னை உரசிக்கொண்டு நின்றது. ஓட்டியவன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இப்போது எர்ணாவூர்க் குடியிருப்பில் இருக்கிறான்.

“இன்னா மாமு, மூஞ்சி செத்த மீனாட்டம் கீது? ஏறு.”

“பேஜாரா கீது. நடந்தே வரேன்.”

“நடந்தா பேஜாரு போவாது, செருப்புதான் போவும். ஏறுடா.”

அவன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவன் ஹாரன் அடிப்பதை நிறுத்தினான்.

“எட்டு வருசத்துல ஒருவாட்டிகூடக் கேக்கல? வாய்ல இன்னா கொயக்கட்டையா வெச்சிகினு இருந்த?”

“கேட்டாலும் குடுத்திருக்க மாட்டாரு.”

“அது வேற கத. கேட்டிருந்தா மொத வருசமே தெரிஞ்சிருக்கும்ல? மிச்ச வருசம் எல்லாம் மிச்சமாயிருக்கும்.”

பின்னால் அலுமினியக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, “கரீட்டா சொல்றான் நைனா” என்றார்.

இத்தனை நாவலில் ஒன்றாவது இதைச் சொல்லியிருக்கலாம்.

எர்ணாவூரில் அவன் வீட்டுக்குப் புதுக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஷட்டருக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். இடத்தைப் பார்த்துச் சொன்னவனே நான்தான். மழைக்குத் தண்ணீர் ஏறாத பக்கம் எது, குடியிருப்புப் பெண்கள் எந்த வழியாகப் பஸ்ஸுக்குப் போவார்கள், எல்லாம் அண்ணாச்சிக்குச் சொல்லியிருந்தேன். அரிசி மூட்டை எந்தச் சுவரில், எண்ணெய் டின் எங்கே என்பதுவரை மனதுக்குள் அடுக்கி முடித்திருந்தேன். “நிறுத்தட்டுமா?” என்றான் நண்பன். வேண்டாம் என்றேன்.

அவன் வீட்டில் தோசை சாப்பிட்டோம். பக்கத்துக் கன்டெய்னர் யார்டில் ஆள் எடுக்கிறார்கள், ஆனால் ஒரு சிக்கல் என்றான்.

“லோக்கல் ஆளுன்னா கேட்லயே தொரத்திடுவான். ஒருத்தன ஏதுனா சொன்னா நாப்பது பேரு வந்து நிப்போமாம். வெளியூரானுங்களத்தான் சேக்குறான்.”

“அப்ப நான் எங்க போறது? அங்க வெளியூரா இல்லன்னு கெடைக்கல. இங்க உள்ளூருன்னு கெடைக்காது.”

அவன் மனைவி சட்னி ஊற்றிக்கொண்டே, “அண்ணன் அண்ணாச்சிங்க பாஷைய நல்லா பேசுமே, அத பேசிட்டுப் போவட்டும்” என்றாள். நண்பன் தொடையில் தட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கும்முன் ஒரு நாவலை எடுத்துப் பிரித்தேன். நல்லவன் ஒன்றும் கேட்காமல் நின்றுகொண்டிருந்தான். மூடிவிட்டேன்.

காலையில் யார்டு வாசலில் சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த ஊர்ப்பா?”

அண்ணாச்சியின் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“இங்க எதுக்கு வந்த?”

“கடை ஒண்ணு தருவாவன்னு நம்பி வந்தேன் சார். வந்து பாத்தா வேற ஆளுக்குன்னுட்டாவ.”

“குடிப்பியா? யூனியன் கீனியன்னு எதுனா?”

“அதெல்லாம் நமக்குத் தெரியாது சார். கையுறையும் ஷூவும் தருவியளா?”

“உள்ளயே வரல, அதுக்குள்ள கேக்குறியா?”

“கேக்கணும்லா சார்.”

அவர் முறைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கையுறை வந்தது. ஷூ இல்லை. திரும்பி வந்த காலி கன்டெய்னர் பெட்டிகளைக் கூட்டிக் கழுவ வேண்டும், அதுதான் வேலை. முதல் பெட்டியின் கதவைத் திறந்தபோது உள்ளே சூடு முகத்தில் அடித்தது. மூலையெல்லாம் துவரம்பருப்பு சிந்திக் கிடந்தது. தள்ளிக் கூட்ட ஆரம்பித்தேன்.